பாரலாச்சா திறக்கும் நேரம்

முதல் நாள்: மணாலி – ஜிஸ்பா

காலை ஆறு மணிக்கு மணாலியில் நல்ல மழை. ஜூன் இரண்டாவது வாரம்தான் ஆகிறது. பருவமழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சான், "மாப்ளே, இங்க தண்ணியா கொட்டுது, மேல பனியா கொட்டிக்கிட்டிருக்கும்" என்றார்.

கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். மணாலி 2,050 மீட்டர், லடாக்கின் லே ஊருக்குப் போக நாங்கள் தாண்ட வேண்டிய பாரலாச்சா லா 4,890 மீட்டர். இங்கே 12 டிகிரி என்றால் அங்கே மைனஸ் ஆறு. மழையாக விழ வழியே இல்லை.

பள்ளிக்கூடத்தில் கணவாய் என்றதும் கைபர், போலன் என்று ஒப்பித்தோம். மலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி, அதன் வழியாக யாராவது படையெடுத்து வருவார்கள், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கணவாய். இமயமலையில் 'லா' என்று சொல்லும் கணவாய் வேறு. இரண்டு பக்கமும் ஆறாயிரம் மீட்டர் மலைகள் நிற்பதால், ஐயாயிரத்தை ஒட்டிய இந்த உயரம்தான் அங்கே பள்ளம். வேறு வழி கிடையாது என்பதால் அதைத் தாண்டுகிறோம்.

அடல் சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது வைப்பர் முழு வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. 9.02 கிலோமீட்டர் நீளம், 2020 அக்டோபரில் திறந்தது. மறுமுனையில் வெளியே வந்தபோது சாலை காய்ந்து கிடந்தது. ஓட்டுநர் வைப்பரை நிறுத்தக்கூட மறந்து, அது காய்ந்த கண்ணாடியில் கிரீச் கிரீச் என்று இழுத்துக்கொண்டிருந்தது. பீர் பாஞ்சால் தொடர் மழையைத் தெற்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. லாஹவுல் அதன் மறைவில் இருக்கும் மலைநாடு. மணாலியின் தேவதாரு மரங்கள் ஒரு பக்கம், மறுபக்கம் பழுப்புச் சரிவும் ஓரமாகக் கொஞ்சம் வயலும். முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயர ரோதாங்கைத் தாண்டித்தான் இங்கே வர முடியும். குளிர்காலத்தில் அது மூடினால் இந்தப் பள்ளத்தாக்குக்கே வாசல் அடைத்த மாதிரி. அந்த வாசலைச் சுரங்கம் நிரந்தரமாகத் திறந்துவிட்டது. பாரலாச்சாவுக்கு அப்படி எதுவும் இல்லை. பனி கொட்ட ஆரம்பிக்கும் நவம்பர் வாக்கில் மூடினால் வசந்தத்தில்தான் திறக்கும்.

தாண்டி என்ற ஊரில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கலக்கின்றன. கலந்த பிறகு அதுதான் செனாப். இரண்டுமே பாரலாச்சா பக்கத்தில் பிறந்து, ஆளுக்கொரு பக்கமாக மலையைச் சுற்றி வந்து இங்கே சேர்கின்றன. இனி நாங்கள் பாகாவின் கூடவே, அது பிறந்த இடம் வரை ஏற வேண்டும். அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டர் என்று ஊர் ஊராகப் புகைப்படத்தில் சுற்றிய பலகை இந்த ஊர்க்காரன்தான். டேங்க்கை நிரப்பிய கையோடு ஓட்டுநர் ஒரு கேனிலும் டீசல் பிடித்துக்கொண்டார்.

ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும், லாஹவுல்காரர். நாங்கள் 'பாய்சாப்' என்று கூப்பிடுகிறோம். பேச்சு குறைவு. இன்றே சர்ச்சு வரை போய்விடலாமே என்று மச்சான் கேட்டதற்கு, முதல் ராத்திரியே அங்கே படுத்தால் தூங்க மாட்டீர்கள், வாந்தி எடுப்பீர்கள், என்னையும் தூங்க விட மாட்டீர்கள் என்றார். பாரலாச்சாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்ச்சு 4,290 மீட்டர். மூவாயிரத்துக்கு மேல் போனால் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் இடையே படுக்கும் உயரம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மணாலியிலிருந்து நேராகச் சர்ச்சுவில் போய்ப் படுப்பவர்கள் அதைப்போல நாலரை மடங்கு தாண்டுகிறார்கள். நாங்கள் ஜிஸ்பாவிலேயே நின்றுவிட்டோம். 3,200 மீட்டர். லேசான தலைவலி. மேலே மேகம் கறுப்பாக அடைத்து நிற்கிறது.

இரண்டாம் நாள்: ஜிஸ்பாவிலேயே

பாதை மூடிவிட்டது.

காலையில் கதவைத் திறந்தால், எதிர்மலையில் யாரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, அதற்கு மேலே எல்லாம் வெள்ளை, கீழே பழுப்பு. ராத்திரி பூஜ்ஜியம் டிகிரி எந்த உயரத்தில் நின்றது என்று மலையே எழுதி வைத்திருக்கிறது. தார்ச்சா காவல் சாவடியில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, பெரும்பாலும் லடாக்குக்குப் போகும் டேங்கர்கள்.

ஜூனில் பனியா என்று மச்சானுக்கு ஆற்றாமை. கோடைக்கும் இந்த உயரத்துக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகி, மேலடுக்கு மேற்குக் காற்றின் முதுகில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழற்சிகளை வானிலைத் துறையில் மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். குளிர்காலத்தில்தான் அதிகம் வரும். கோடையிலும் ஒன்றிரண்டு வழிதவறி வருவதுண்டு. 2023 ஜூலையில் அப்படி வந்த ஒன்று பருவமழையோடு சேர்ந்துகொண்டு, இதே பகுதியில் 4,250 மீட்டரில் இருக்கும் சந்திரதால் ஏரிக்கரையில் முகாமிட்டிருந்த சுற்றுலாப் பயணிகளை நாள்கணக்கில் பனிக்குள் அடைத்துவிட்டது. ஜூலையில்! அதோடு பார்த்தால் எங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை.

கைபேசிச் செயலியில் 'பாரலாச்சா' என்று தேடினேன். சிரிக்கும் சூரியன் ஒன்றைக் காட்டியது. கணினி மாதிரிகள் சில கிலோமீட்டர் சதுரங்களாக நிலத்தை வெட்டி, சதுரத்துக்கு ஒரு உயரம் என்று சராசரி எடுத்துக்கொள்கின்றன. கணவாயும் அடுத்த பள்ளத்தாக்கும் ஒரே சதுரத்தில் விழுந்தால் வெயிலும் பனியும் சராசரியாகிவிடும். அதைவிட மாவட்டக் காவல்துறை காலையில் வெளியிடும் சாலை நிலவரம் எவ்வளவோ மேல். 'திறந்திருக்கிறது', 'மூடியிருக்கிறது', 'நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டிக்கு மட்டும்', அவ்வளவுதான் சொல்வார்கள். போதும்.

லாரிக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு செய்தி. மத்தியானம் திறக்கும் என்றார் ஒருவர். மூன்று நாள் ஆகும் என்றார் அவருக்குப் பக்கத்திலேயே நின்றவர். பாய்சாப் யாரிடமும் கேட்கவில்லை. காரைக் கழுவினார்.

தலைவலி போய்விட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் எனக்கு 91, மச்சானுக்கு 89. "பாஸ் மார்க்கா ஃபெயிலா?" என்று கேட்டார். இந்த உயரத்துக்குப் பாஸ்தான்.

மூன்றாம் நாள்: ஜிஸ்பா – ஜிங்ஜிங்பார் – ஜிஸ்பா

தலைப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். போய்விட்டுத் திரும்பி வந்தோம்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். எல்லைச் சாலைகள் அமைப்பின் தீபக் பிரிவு ஆட்கள் ராத்திரியே இயந்திரங்களை ஏற்றி வழியை வெட்டியிருந்தார்கள். பத்து மணிக்குத் தார்ச்சா சாவடியைத் திறந்தார்கள். இரண்டு நாள் தேங்கிய வண்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பின. பாய்சாப் மட்டும், "இன்று வேண்டாம், நாளை விடியற்காலை போகலாம்" என்றார். பளீரென்று வெயில் அடிக்கும்போது எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். அந்தக் குலுக்கலை அப்போதே நான் படித்திருக்க வேண்டும்.

தார்ச்சாவில் சாலை பிரிகிறது. இடப்பக்கம் போனால் 5,091 மீட்டர் உயர ஷிங்கு லா, அதைத் தாண்டினால் லடாக்கின் ஜான்ஸ்கர் பகுதி. அங்கே கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைய 2024 ஜூலையில் தொடங்கினார்கள். நாங்கள் நேரே போனோம். தீபக் தால் ஏரியை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை, முன்னால் டேங்கர், பின்னால் டேங்கர். ராணுவ வாகன அணி ஒன்று எதிரே வர, நாற்பது நிமிடம் ஓரம் கட்டினோம். பனியை வெட்டிய இடங்களில் ஒரு வண்டி போகத்தான் அகலம். இந்தப் பக்கம் இருபது விட்டால் அந்தப் பக்கம் இருபது விடுவார்கள். ஜிங்ஜிங்பார் சேரும்போது மணி ஒன்றே முக்கால். 4,270 மீட்டர். கூடாரத்தில் டீ போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் இங்கே 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி கொப்பளிக்கும் டீயை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டார் மச்சான், சுடவில்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நாலா. மலையோடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சாலை அதற்குள் இறங்கி, மறுகரையில் ஏறும். பாலம் கிடையாது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் சாம்பல் நிறத்தில், உள்ளே கற்கள் உருளும் கடகட சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் கேட்டது.

பாய்சாப் இறங்கிப் போனார். கையளவு வெள்ளைக் கல் ஒன்றைப் பொறுக்கி, தண்ணீர் தொடும் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, காய்ந்த மண்ணில் வைத்தார். திரும்பி வந்து வண்டியில் சாய்ந்துகொண்டார். நாங்களும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடத்தில் அதன் அடி கறுத்தது. பத்தாவது நிமிடம் பாதி முழுகியது. கால் மணியில் கல்லைக் காணோம்.

"திருப்பட்டுமா?" என்றார். நான் தலையாட்டினேன்.

வெயில்தான் வினை. இரண்டு நாள் விழுந்த புதுப்பனி, மேகமில்லாத வானம், ஜூன் சூரியன். காலையில் உருக ஆரம்பித்தது சரிவெல்லாம் இறங்கி நாலாவுக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். இரண்டிலிருந்து ஐந்து மணிவரை வெள்ளம் உச்சத்தில் இருக்கும். ராத்திரி உறைந்ததும் வடியும். மேகம் போட்டிருந்தால்கூட இன்று தாண்டியிருப்போம் என்றார் பாய்சாப். நல்ல வானிலை என்று நான் நினைத்தது நாலாவுக்குக் கெட்ட வானிலை.

எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு சிறிய கார் துணிந்து இறங்கி நடுவில் நின்றுவிட்டது. புகைக்குழாய்க்குள் தண்ணீர் போய் எஞ்சின் அணைந்துவிட்டது. ஒரு டேங்கர்க்காரர் கயிறு கட்டி இழுத்துப் போட்டார். காருக்குள் இருந்த அம்மாவின் செருப்பு ஒன்று செனாபை நோக்கிப் போய்விட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. "மாப்ளே, ரெண்டு தரம் டீ குடிச்ச ஒரே கணவாய் இதுதான்" என்றார் மச்சான், ஜிங்ஜிங்பார் கூடாரத்தில் மறுபடி உட்கார்ந்துகொண்டு. ஆறுதல் சொல்கிறாராம்.

நாளை மூன்றரைக்கு எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார் பாய்சாப். தார்ச்சா தாண்டினால் சிக்னல் கிடைக்காது. என் ப்ரீபெய்டு எண் லடாக்குக்குள் வேலையே செய்யாது. மற்ற மாநில எண் என்றால் போஸ்ட்பெய்டு மட்டும்தான் அங்கே. அடுத்த பதிவு மச்சானின் கைபேசி தயவில்.

நான்காம் நாள்: ஜிஸ்பா – பாரலாச்சா – லே

இதை லேயில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரவு மணி பத்து.

நாலே காலுக்குக் கிளம்பிவிட்டோம். சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விட்டார்கள். நேற்று அடைத்துக்கொண்டிருந்த சாலையில் எங்களையும் இரண்டு லாரிகளையும் தவிர ஆள் இல்லை. சரி, இன்றைக்கு வேகமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஜிங்ஜிங்பாருக்கு முன்னால் ஒரு வளைவில் பாய்சாப் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். மணி ஐந்தே முக்கால்.

எதற்கு என்று கேட்டால், சாலையில் கால் வைத்துப் பாருங்கள் என்றார். வைத்தேன். தார் ஈரமாக இருப்பதாகத்தான் கண்ணுக்குப் பட்டது. கால் அரையடி தானாகப் போய்விட்டது, கதவைப் பிடித்துக்கொண்டேன். நேற்று உருகி ஓடிய தண்ணீர் ராத்திரி சாலை மேல் கண்ணாடி போல உறைந்திருக்கிறது. அடியில் இருக்கும் தாரின் கறுப்பு அப்படியே தெரிவதால் பனி என்றே தெரியாது. பனிச்சுவருக்குப் பயப்படுவதைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும் என்றார்.

ஆக, சீக்கிரம் போனால் சாலை வழுக்கும், தாமதித்தால் நாலா மறிக்கும். வெயில் சாலையைத் தொட்ட பிறகு, நாலாவை எழுப்புவதற்கு முன்னால், நடுவில் மூன்று மணி நேரமோ நாலு மணி நேரமோ கணவாய் திறந்திருக்கிறது. சாவடியில் திறப்பது வேறு, இது வேறு. நேற்று சாவடி திறந்த நேரத்தை நான் கணவாய் திறந்த நேரம் என்று நினைத்துவிட்டேன்.

காத்திருந்தோம். எதிர்மலை உச்சியில் வெயில் மஞ்சளாக ஒட்டி, மெல்லக் கீழே இறங்கியது. அது ஆற்றைத் தாண்டி, சரிவில் ஏறி, எங்கள் சாலைக்கு வர முக்கால் மணி நேரம். தார் மேல் வெயில் பட்டதும் ஆவி கிளம்பியது. பாய்சாப் இறங்கிச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தார். ஆமாம், மைனஸில் செருப்பு! பிறகு ஏறி உட்கார்ந்தார்.

நேற்றைய நாலா அடையாளமே தெரியவில்லை. தெளிந்த தண்ணீர், கணுக்கால் ஆழம், ஓரங்களில் அப்பளம் மாதிரி மெல்லிய பனித்தகடு. டயர் ஏறியதும் நொறுங்கியது. அரை நிமிடத்தில் மறுகரை. வெள்ளைக் கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

சூரஜ் தால் ஏரி பாதி உறைந்து கிடந்தது. கரையோரம் மட்டும் நீலம், நடுவில் பழைய பனி. மூன்று நாள் கூடவே வந்த பாகா இதிலிருந்துதான் கிளம்புகிறது, ஒரு எட்டில் தாண்டிவிடலாம் போல. அதற்கு மேலே சாலையின் இரு பக்கமும் வெட்டிய பனிச்சுவர், காரைவிட உயரம். சுவரில் மரத்தின் வளையம் போல வரிகள். குளிர்காலத்தில் ஒவ்வொரு தடவை கொட்டியதும் ஒரு வரி. நடுநடுவே பழுப்பாகத் தூசுக் கோடுகள். மேல்வரி மட்டும் தூய வெள்ளை, அது எங்களை நிறுத்தி வைத்த பனி. மச்சான் கையை வெளியே நீட்டி அதைத் தடவிக்கொண்டே வந்தார்.

பாரலாச்சாவில் இறங்கினோம். ஏழு ஐம்பது. பிரார்த்தனைக் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. காற்று இப்போதே இப்படி என்றால் மத்தியானம் எப்படி இருக்கும்! பள்ளத்தாக்கு சூடாக ஆகக் காற்று மேலே கிளம்பும். மலைத்தொடரில் தாழ்வான வாசல் இதுதான் என்பதால் எல்லாம் இதற்குள்ளேயே நெருக்கியடித்து நுழையும். அதனால்தான் மத்தியானத்துக்கு மேல் இங்கே மேகமும் காற்றும் கூட்டுச் சேர்கின்றன.

புகைப்படம் எடுக்கப் பத்தடி ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் 21 சதவீதம்தான், காற்றே மெலிந்துவிட்டது. அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாத்திரம் நிரம்பவில்லை என்பது மாதிரி ஒரு உணர்வு. ஆக்ஸிமீட்டர் 77 காட்டியது. பாய்சாப் ஹாரன் அடித்தார். நான்கு நிமிடம் நின்றிருப்போம். இறங்கிவிட்டோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரத்பூர், சர்ச்சு. அங்கே முகாமில் ராத்திரி தங்கிய ஒரு கூட்டம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது. பாய்சாப் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காட்டா கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தொன்று. எண்ணிக்கொண்டே வந்து பதினான்கில் தூங்கிவிட்டேன். நகீ லா, லாச்சுலுங் லா. பாங் என்ற இடத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மோரே சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் நேர்சாலை, தொலைவில் புழுதிச் சுழல்கள் எழுந்து நடந்து போயின. டாங்லாங் லா 5,328 மீட்டர், பாரலாச்சாவைவிட உயரம், ஆனால் பொட்டுப் பனி இல்லை. வடக்கே போகப்போகக் காற்றில் ஈரம் வற்றிவிடுகிறது. உயரம் மட்டும் இருந்தால் போதாது, கொட்டுவதற்குச் சரக்கும் வேண்டும். அங்கே மச்சான் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகி, காலடியில் போட்டார்.

இரவு எட்டு மணிக்கு லே. 3,500 மீட்டர். ஆக்ஸிமீட்டர் 88. பாய்சாப் டீகூடக் குடிக்கவில்லை. நாளை மறுநாள் விடியற்காலை இதே வழியில் திரும்புகிறார். பாங்கில் தங்குவாராம், பாரலாச்சாவை எட்டு மணிக்குள் தாண்டிவிட வேண்டுமே.

காரிலிருந்து சாமான்களை இறக்கும்போது அந்தக் காலி பாட்டில் உருண்டு விழுந்தது. யாரோ கையால் பிடித்து நசுக்கிய மாதிரி நான்கு பக்கமும் ஒடுங்கியிருந்தது. மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் காதருகே வைத்து மூடியைத் திருகினார். ஸ்ஸ் என்று உள்ளே இழுத்துக்கொண்டு, டப்பென்று பழைய உருவத்துக்கு வந்துவிட்டது.

"மாப்ளே, டாங்லாங் லா காத்து போச்சு" என்றார்.